மூன்றாம் மாடிக் குடித்தனங்கள்

கிடர்பூர்
9 ஜூன் 2025

என் வீட்டுக்காரருக்கு நாகம்மா எழுதுவது.

போன் திருட்டுப் போய்விட்டது என்று ராஜம் அக்காவிடம் சொல்லி அனுப்பினேன் அல்லவா, அது பொய். திருடன் யாரும் இல்லை. அரிசி டின்மேல் ஒரு மரநாய் ஏறி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கையில் இருந்த செருப்பை வீசினேன். வீசிய பிறகு பார்த்தால் செருப்பு இரண்டும் காலில் இருக்கின்றன. போன் ஜன்னல் வழியாகப் போய்ப் பின்பக்கக் குட்டையில் விழுந்துவிட்டது. குட்டையில் உடும்பு இருக்கிறது. இனி யாராவது கூப்பிட்டால் அது எடுத்துப் பேசிக்கொள்ளட்டும். மரநாய் இறங்கவே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நம்பர் எல்லாம் போனுக்குள்ளே இருந்தது. உங்கள் நம்பர்கூட எனக்கு மனப்பாடம் கிடையாது. அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்புங்கள். நிமாய் தாதா டீக்கடையிலிருந்து பேசுகிறேன். விலாசம் மட்டும் ராஜம் அக்கா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவளும் போய்விட்டாள். நாற்பது வீட்டில் இப்போது என் ஒரு வீட்டில்தான் உலை கொதிக்கிறது. கோர்ட்டில் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். ஆள் குடியிருக்கிற வரை யாரையும் வெளியேற்றக் கூடாது, காலியான வீட்டுக்குச் சீல் வைக்கலாம், கடைசி வீடும் காலியானால் கட்டடம் முழுக்கக் கம்பெனிக்காரனுக்கு. துர்கா பூஜை முடிந்து அலிப்பூர் கோர்ட்டில் கேஸ் வருகிறது. அதுவரை நான் இந்த மூன்றாம் மாடியை விட்டு நகர்ந்தால் நாற்பது குடும்பத்துக்கும் சங்குதான். சனிக்கிழமைதோறும் கம்பெனி ஆள் வந்து, கொடியில் துணி காய்கிறதா, லைட் எரிகிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறான். உங்கள் பழைய லுங்கியை ராஜம் அக்கா பால்கனியிலும் கட்டிவிட்டேன். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். லுங்கியைக் கேள் என்றேன்.

ராஜம் அக்கா நாயை விட்டுவிட்டுப் போய்விட்டாள். மோத்தி அவள் வீட்டு வாசலிலேயே படுத்திருக்கிறது.

சாப்பிடுகிறீர்களா?

நாகம்மா


திருவொற்றியூர்
18 ஜூன் 2025

நாகம்மா,

கடிதம் வந்தது. நம்பர் எழுத மாட்டேன். போனில் பேசினால் நீ சிரிக்கவைத்தே காரியத்தைச் சாதித்துக்கொள்வாய். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். பேப்பரில் உன்னால் அது முடியாது.

ஹவுராவில் இரண்டு டிக்கெட் எடுத்தேன். நீ பிளாட்பாரம் வரை வந்து பெட்டியை ஏற்றிவிட்டு, நான் ஏறவில்லை என்றாய். அதை நான் மறக்கவில்லை. கதவைப் பூட்டிவிட்டு ரயில் ஏறு. ஏறிய பிறகு பேசலாம்.

முத்துக்குமார் வாங்கிக் கொடுத்த வேலை பரவாயில்லை. கோடவுன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். அண்ணன் மகனே ஆனாலும் அவன் வீட்டில் எவ்வளவு நாள் இருப்பது?

சாப்பிடுகிறேன்.

வேலாயுதம்

உடும்பு எவ்வளவு நீளம்?


கிடர்பூர்
27 ஜூன் 2025

அன்புள்ள கோபக்காரருக்கு,

உடும்பு நம் கட்டில் நீளம் இருக்கும். நீங்கள் காலை மடக்கிப் படுப்பீர்களே, அது மடக்காமல் படுக்கிறது.

உலகம் அழிந்த பிறகு மிருகங்கள் என்ன ஆகும் என்று டி.வி.யில் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டுவார்கள். நீங்கள் வாயைத் திறந்து பார்ப்பீர்கள். அவ்வளவு தூரம் எதற்கு? நம் பிளாக்குக்கு வந்தால் டிக்கெட் இல்லாமல் பார்க்கலாம். வேறு வேலை இல்லாததால் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஓடிப்போனது சிட்டுக்குருவி. அரிசி புடைக்கிற சத்தம் நின்ற வாரமே கிளம்பிவிட்டது. இரண்டாவது நீங்கள். கரப்பான்பூச்சி பட்டினியில் செத்தது. உலகமே அழிந்தாலும் அது சாகாது என்பார்கள், நம் அடுப்பு அணைந்ததையே அதனால் தாங்க முடியவில்லை. எலி இளைத்து, பைப்பில் ஏறக் கற்றுக்கொண்டு, சுவரில் முளைத்த அரசமரத்துப் பழத்தைத் தின்கிறது. மரநாய் முன்பெல்லாம் இருட்டினால்தான் வரும். இப்போது விரட்ட ஆள் இல்லை என்று தெரிந்து, பட்டப்பகலில் மாமியார் மாதிரி வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறது.

பூனைதான் ஆச்சரியம். பூனை கத்துவதே மனிதனிடம் கேட்பதற்குத்தான்போல. கேட்க ஆள் இல்லாத வீட்டில் எதற்குக் கத்துவது என்று எல்லாம் வாயை மூடிவிட்டன. இந்த வருஷம் இரண்டாம் மாடியில் பிறந்த குட்டி ஒன்று என் வாசலில் வந்து உட்காருகிறது. பசித்தால் வாயைத் திறக்கிறது, சத்தம் வராது. ஊமைச்சி என்று பெயர் வைத்தேன். இப்படியே ஆயிரம் வருஷம் போனால் பூனைக்குத் தொண்டையே இருக்காது என்று நினைக்கிறேன். மரநாய்க்குத் தாழ்ப்பாள் திறக்க விரல் நீண்டுவிடும். உடும்பு குட்டையை விட்டு வந்து நம் கட்டிலை எடுத்துக்கொள்ளும்.

மாறாதது மோத்தி மட்டும்தான். பூட்டின கதவுக்கு முன்னால் படுத்து, வாலை ஆட்டத் தயாராக வைத்திருக்கிறது. நல்ல கேலிக்கூத்து.

மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் துறைமுகத்தில் நீங்கள் ஓட்டின கிரேன் தெரிகிறது. கேபினில் பருந்து கூடு கட்டியிருக்கிறது. குச்சியில் இல்லை, வயர் துண்டும் சரக்குக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையும் வைத்து.

நாகம்மா

பேப்பரிலும் என்னால் முடியும்.


திருவொற்றியூர்
8 ஜூலை 2025

நாகம்மா,

என்னைக் குருவி என்று எழுதியிருக்கிறாய். கிரேனை நிறுத்திய பிறகு ஒன்பது மாதம் துறைமுக வாசலில் போய் நின்றேன். கூலிக்குக்கூடக் கூப்பிடவில்லை. உனக்கு அது தெரியும். ஓடிப்போகவில்லை. வேலைக்கு வந்தேன். வா என்றுதான் சொன்னேன்.

நாற்பது குடும்பமும் அவரவர் ஊரில் ஃபேன் போட்டுத் தூங்குகிறார்கள். காவலுக்கு நீதான் கிடைத்தாயா? ராஜம் போன வாரம் முத்துக்குமார் வீட்டுக்கு வந்தாள். "நாகம்மா இருக்கா, எங்களுக்கு என்ன கவலை" என்றாள். காபியைக் கொடுக்காமல் உள்ளே போய்விட்டேன்.

மழை வருகிறது. அந்தப் படிக்கட்டு எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் கம்பி வெளியே தெரியும். சுவர்ப் பக்கமாக ஏறி இறங்கு. வந்துவிடு.

வேலாயுதம்

அந்தக் கேபின் கதவு தெற்கே திறக்கும். சாரல் அடித்தால் முட்டை நனையும். பருந்துக்கு யார் சொல்வது?


கிடர்பூர்
2 ஆகஸ்ட் 2025

என் வீட்டுக்காரருக்கு,

பருந்து உங்களைவிடச் சமர்த்து. கதவுப் பக்கம் ஒரு கோணிக் கிழிசலைக் கொண்டுவந்து தொங்கவிட்டிருக்கிறது. இரண்டு குஞ்சு. ஒன்று உங்களைப்போல மூக்கை மேலே தூக்கிக்கொண்டு உட்காருகிறது.

குருவி என்றது விளையாட்டுக்கு. வாபஸ் வாங்குகிறேன். நீங்கள் கொக்கு. கொக்கு போனால் சீசனுக்குத் திரும்பி வரும்.

இங்கே நல்ல மழை. நான் நன்றாக இருக்கிறேன். ஊமைச்சி இப்போது என்னோடுதான் சாப்பிடுகிறது. மீன் கிடைப்பதில்லை, பருப்புச் சோறு தின்னப் பழகிவிட்டது. மாறாவிட்டால் பட்டினி என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. பேச ஆள் இல்லாததால் எனக்கும் தொண்டை கட்டிக்கொண்டது. நேற்று நிமாய் தாதாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. ஆயிரம் வருஷம் வேண்டியதில்லைபோல.

சனிக்கிழமைக்காரன் வந்தான், பார்த்தான், போனான்.

கடிதத்தைச் சீக்கிரம் முடிக்கிறேன். நிமாய் தாதா கீழே நின்று கூடையை ஆட்டுகிறார்.

நாகம்மா


திருவொற்றியூர்
11 ஆகஸ்ட் 2025

நாகம்மா,

என்ன கூடை?

நாற்பது வரி எழுதுகிறவள் பதினைந்து வரியோடு நிறுத்தியிருக்கிறாய். மோத்தியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டீக்கடை எதிரிலேயே இருக்கிறது. கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்காமல் ஏன் கூடையில் போடுகிறாய்?

படி என்ன ஆயிற்று என்று நேராக எழுது. விளையாட வேண்டாம்.

வேலாயுதம்


கிடர்பூர்
20 ஆகஸ்ட் 2025

என்னங்க,

படி விழுந்துவிட்டது. நீங்கள் சொன்ன அதே திருப்பம். ஜூலைக் கடைசியில், மத்தியானம், நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தபோது. பெரிய சத்தம் இல்லை, அலுத்துப்போய் உட்காருகிற சத்தம். போய்ப் பார்த்தால் நம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் வெறும் காற்று. யாருக்கும் அடி இல்லை. அப்பளம்தான் கருகிவிட்டது.

அன்றிலிருந்து மேலேயே இருக்கிறேன். நிமாய் தாதா அரிசி, பருப்பு, மெழுகுவர்த்தி, உங்கள் கடிதம் எல்லாம் கூடையில் வைக்கிறார், நான் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொள்கிறேன். குழாயில் தண்ணீர் வருகிறது. பயப்படாதீர்கள்.

சனிக்கிழமைக்காரன் இடிந்த படியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "பௌதி, தீயணைப்பு வண்டியைக் கூப்பிடட்டுமா?" என்று அண்ணி முறை வைத்து ரொம்ப அன்பாகக் கேட்டான். இந்தக் கட்டடத்தில் யாரும் என்னிடம் அவ்வளவு அன்பாகப் பேசியதில்லை. வண்டி வந்தால் இறங்கலாம். திரும்ப ஏற வண்டி வருமா? இறங்கின கையோடு காலி என்று எழுதிக்கொள்வான். வேண்டாம், மேலே காற்று நன்றாக வருகிறது என்றேன்.

மற்ற எல்லோருக்கும் படி தேவையே இல்லை. மரநாய் பைப்பில் இறங்கி, ஜன்னல் சன்ஷேடில் ஒரு கால் வைத்து, அரசமரத்தில் குதித்து, அரை நிமிஷத்தில் தெருவுக்குப் போய்விடுகிறது. எலியும் அப்படியே. ஊமைச்சி தினம் போய்விட்டு வருகிறது. நான் ஒருநாள் சன்ஷேடில் காலை நீட்டிப் பார்த்தேன். எதிர் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஆள் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டார். காலை உள்ளே எடுத்துக்கொண்டேன்.

மோத்தி படி விழுவதற்கு முன்னாலேயே போய்விட்டது. அதனால்தான் எழுதவில்லை. ஒருநாள் எழுந்து, உடம்பை உதறி, பூட்டின கதவை ஒருமுறை முகர்ந்துவிட்டு இறங்கிப் போனது. இப்போது தெருமுனையில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் இறக்குகிற ஆட்களோடு சுற்றுகிறது. ஜன்னலிலிருந்து மோத்தி என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கோபம் ஒன்றும் இல்லை, பெயர் மறந்துவிட்டது. அவர்கள் வேறு ஏதோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அதற்கு ஓடுகிறது.

அன்றைக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. இந்தக் கட்டடத்தில் பூட்டின கதவுக்குப் பக்கத்தில் படுத்திருப்பது இப்போது நான் ஒருத்திதான்.

சரி, அழுகிறேன் என்று நினைக்காதீர்கள். மூக்கு ஒழுகுகிறது, மழை.

நாகம்மா


திருவொற்றியூர்
28 ஆகஸ்ட் 2025

நாகம்மா,

கடிதத்தைப் படித்ததும் ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். முத்துக்குமார் பின்னாலேயே வந்து கூட்டிக்கொண்டு போனான். "சித்தப்பா, நீங்க போயி கீழ நின்னு அண்ணாந்து பாப்பீங்க, அவ்வளவுதானே" என்றான். இந்த முழங்காலோடு அதற்குமேல் என்ன செய்வேன் என்று எனக்கும் தெரியவில்லை. கோடவுன் வாசலில் மூன்று நாள் உட்கார்ந்து யோசித்தேன். நாற்காலி வேலையில் அது ஒன்றுதான் வசதி.

நீ சொன்னதை எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு ஒன்றை விட்டுவிட்டாய். சீல் வைக்க வேண்டுமானால் கோர்ட் ஆள் படியேறி வந்து, கதவைத் தட்டி, உள்ளே யாரும் இல்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். படி எங்கே இருக்கிறது? உன்னை இறக்க வண்டி வரும். காலி வீட்டைப் பார்க்க எவன் வண்டி கொண்டுவருவான்? நீ உள்ளே இருக்கிறாயா இல்லையா என்று இனி தெருவிலிருந்துதான் பார்க்க முடியும். தெருவுக்குத் தெரிவது லுங்கியும் லைட்டும்தான்.

படி விழுந்த அன்றே உனக்கு விடுதலை ஆகிவிட்டது. நீ அதைப் பார்க்காமல் ஒரு மாதமாக உள்ளே உட்கார்ந்து காவல் காக்கிறாய்.

கொடிக் கயிற்றைக் கப்பியில் சுற்றிக் கீழே விட்டுவிடு. நிமாயை மாலையில் இழுக்கச் சொல். துணி நகரும். கிரேனில் முப்பது வருஷம் அதைத்தான் செய்தேன், மேலே இருப்பதைக் கீழேயிருந்து நகர்த்துவது என்ன பெரிய வித்தை? இறங்குவதற்கு அந்தப் பந்தல் மூங்கில்காரர்களைக் கேள். அவர்கள் சாரம் கட்டினால் யானையே இறங்கலாம்.

இன்னொன்று. அன்றைக்கு ரயிலில் உன் சீட்டில் ஒருவன் மூட்டையை வைத்தான். எடுக்கச் சொன்னேன். ஆள் வருகிறாள் என்றேன். விஜயவாடா வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

வேலாயுதம்


கிடர்பூர்
9 செப்டம்பர் 2025

என்னங்க,

யானை என்று எழுதியதைக் கவனித்தேன்.

மூங்கில் விஷயம் நடக்கிறது. இந்த வருஷம் பூஜை நடத்துகிற கிளப்புக்காரர்கள் பந்தலை நம் சுவரை ஒட்டியே கட்டுகிறார்கள். நிமாய் தாதா தலைவரிடம் போய்ப் பேசினார். மூன்றாம் மாடி ஜன்னல் வரை பந்தலுக்கு ஒரு கோபுரம் வைத்துக்கொள்கிறோம், துணி போட்டு மூடிவிட்டால் உள்ளே யார் ஏறினார்கள், இறங்கினார்கள் என்று துர்காவுக்குக்கூடத் தெரியாது என்றாராம் தலைவர். பூஜை முடிந்து மூங்கிலைப் பிரித்துவிட்டால் பாதையும் இருக்காது. கயிறும் கப்பியும் போட்டாயிற்று. ஒத்திகை பார்த்தோம். நிமாய் தாதா இழுத்தார், உங்கள் லுங்கி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கம்பீரமாக நடந்து போனது. நீங்கள் நடப்பதைவிட நன்றாக இருந்தது.

இருந்தாலும் நான்கு நாள் நான் இறங்கவில்லை. மூங்கில் ஜன்னலுக்கு வெளியே தயாராக நிற்கிறது. நான் சமைக்கிறேன், பெருக்குகிறேன், ஜன்னலைப் பார்க்காமல் இருக்கிறேன். பயம் மூங்கிலைப் பார்த்து இல்லை. உள்ளேயே இருந்து இருந்து எனக்கு இந்த வீட்டின் அளவு வந்துவிட்டது. நடந்தால் ஏழெட்டு அடியில் தானாகத் திரும்பிவிடுகிறேன். தெருவில் நடந்தாலும் அப்படித் திரும்புவேனோ என்று தோன்றியது. பூனைக்குக் குரல் போன மாதிரி எனக்கு வெளியே போவது போய்விட்டதோ என்னவோ.

நேற்று மரநாய் வந்தது. அரிசி டின் காலி. அது என்னைப் பார்த்தது, டின்னைப் பார்த்தது, பிறகு ஜன்னலுக்குப் போய், பைப்பை விட்டுவிட்டு மூங்கிலில் காலை வைத்தது. புதுப் பாதை. ஒருமுறை அசைத்துப் பார்த்தது, இறங்கிப் போய்விட்டது. அவ்வளவுதான். இவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உரக்கச் சிரித்தேன். தொண்டை வேலை செய்கிறது.

பதினெட்டாம் தேதி மத்தியான ரயில். அமங்கலமாக எதுவும் நடக்காவிட்டால் பத்தொன்பதாம் தேதி சென்னையில் இருப்பேன். ஸ்டேஷனுக்கு வாருங்கள். பால்கனி லைட்டை எரியவிட்டுப் பூட்டுகிறேன். சனிக்கிழமைக்காரன் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால் நிறையப் பேர் என்று சொல்லும்படி நிமாய் தாதாவிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான்.

நாகம்மா


கரக்பூர் ஸ்டேஷன், முதல் பிளாட்பாரம்
18 செப்டம்பர் 2025

என்னங்க,

மூங்கிலில் நன்றாகவே இறங்கினேன். கிளப் பையன்கள் கைதட்டினார்கள். தெருவில் திரும்பாமல் நடந்தேன். ஹவுராவில் ஏறி, ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டேன். பையில் ஊமைச்சி. அதற்கு டிக்கெட் எடுக்கவில்லை. கத்தத் தெரியாத பூனைக்கு எதற்கு டிக்கெட் என்று நினைத்தேன்.

கரக்பூர் வருகிற சமயத்தில் டிக்கெட் பார்ப்பவர் வந்தார். என் டிக்கெட்டைப் பார்த்தார். சரி என்றார். அடுத்த சீட்டுக்குத் திரும்பினார்.

ஊமைச்சி கத்தியது. பிறந்ததிலிருந்து முதல் தடவை. கம்பார்ட்மெண்ட் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, நீட்டி, விடாமல் கத்தியது. ஆட்களைப் பார்த்ததும் வந்துவிட்டதுபோல.

பூனையை லக்கேஜ் ஆபீஸில் பதிவு செய்ய வேண்டும் என்றார் அவர். இறங்கிப் போய்ப் பதிவு செய்தேன். பூனை என்று எழுதினார்கள். நிறம் கேட்டார்கள். சாம்பல் என்றேன். ரசீது கொடுத்தார்கள். திரும்பி வந்தேன். ரயில் இல்லை.

அடுத்த ரயிலில் வருகிறேன். இந்தக் கடிதம் எனக்குப் பிறகுதான் உங்களிடம் வந்து சேரும், தெரிந்தேதான் எழுதுகிறேன். உங்கள் நம்பர் இப்போதும் எனக்குத் தெரியாது. பெட்டி நாளைக்கு என்னை விட்டுவிட்டுப் போன ரயிலில் தனியாக வந்து சேரும். பச்சைப் பெட்டி, ஜன்னல் சீட்டுக்கு அடியில். அந்தச் சீட்டில் யாராவது மூட்டையை வைத்திருந்தால் எடுக்கச் சொல்ல வேண்டாம்.

நாகம்மா